ஸ்பீக்கரை முதலில் மாற்றியிருக்கலாம்

நான்கு வருடத்துக்கு முன் செகண்ட் ஹேண்டில் ஒரு 5 வாட் டியூப் கிட்டார் ஆம்ப் வாங்கினேன். உள்ளே இரண்டே டியூப்: சிக்னலைப் பெருக்க ஒரு 12ஏஎக்ஸ்7, ஸ்பீக்கரை ஓட்ட ஒரு இஎல்84, அவ்வளவுதான். வெளியே வால்யூம் குமிழ் மட்டும். சர்க்யூட் இவ்வளவு எளிது என்றால் கை சும்மா இருக்குமா?

ஆனால் கை வைக்கும் இடம் 300 வோல்ட். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஃபில்டர் கெப்பாசிட்டர்களில் அது தங்கியிருக்கும். ரெசிஸ்டர் வழியாக வடியவிட்டு, மல்டிமீட்டரில் பார்க்காமல் இன்றுவரை நான் எதையும் தொட்டதில்லை.

முதல் தொல்லை உறுமல். ஃபில்டர் சோர்ந்திருந்தால் 100 ஹெர்ட்ஸில் உறுமும். ஆறாவது கம்பியின் மூன்றாவது ஃப்ரெட்டைத் தட்டினால் ஏறக்குறைய அதே சுருதி வரும். என்னுடையது அதற்கு ஒரு ஸ்தாயி கீழே, அதாவது நம் வீட்டுக் கரண்டின் 50 ஹெர்ட்ஸில் உறுமியது. டியூபைச் சூடாக்கும் இழையான ஹீட்டர் மேல் சந்தேகம் வந்தது. அதன் இரண்டு ஒயரிலிருந்தும் தலா ஒரு 100 ஓம் ரெசிஸ்டரை கிரவுண்டுக்குப் பற்றவைத்தேன். டிரான்ஸ்ஃபார்மரின் ஹீட்டர் சுற்றில் ஏற்கெனவே சென்டர் டேப், அதாவது நடுவிலிருந்து கிரவுண்டுக்குப் போகும் ஒயர், இருந்தால் இது வேண்டாம். ரெசிஸ்டர் சென்னை ரிச்சி தெருவில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கிற சாமான்தான். உறுமல் முழுக்கப் போகவில்லை, அடங்கியது.

அடுத்து பேஸ். ஹம்பக்கர், அதாவது இரட்டைக் காயில் பிக்கப் உள்ள கிட்டாரைச் செருகி வால்யூமை ஏற்றினால் கூழாகக் குழைந்தது. 12ஏஎக்ஸ்7-இன் முதல் கட்டத்தில், கேத்தோடு என்கிற முனையில் இருந்த 22 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரைக் கழற்றி 0.68 போட்டேன். பழைய மார்ஷல் ஆம்ப்களில் வரும் மதிப்பு அது. கீழ்ச் சுரங்களுக்கு மட்டும் கெயின் குறைந்து, கார்டில் ஒவ்வொரு கம்பியும் பிரிந்து கேட்டது. செய்ததில் உருப்படியான வேலை இதுதான். சிங்கிள் காயில் பிக்கப் உள்ள கிட்டாருக்குக் கொஞ்சம் மெலிசு.

ஒரு கட்டத்திலிருந்து அடுத்ததுக்கு சிக்னலைக் கடத்தும் கப்ளிங் கெப்பாசிட்டரிலும் விலை கூடியதை வாங்கிப் போட்டேன். முதல் வாரம் "அடடா!" என்றிருந்தது. பழைய பதிவையும் புதியதையும் மாற்றி மாற்றிக் கேட்டபோது எது எதென்று சொல்லத் தெரியவில்லை. அப்படியே விட்டுவிட்டேன், திரும்பக் கழற்றச் சோம்பல்.

மூன்றாவது வருடம் நண்பனின் 12 அங்குல ஸ்பீக்கர் கேபினெட்டை, ஓம் சரிபார்த்துக்கொண்டு இணைத்தேன். அதுவரை 8 அங்குலம். ஒரே கார்டு, இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். டப்பாச் சத்தம் போன இடம் தெரியவில்லை. இதை முதல் நாளே செய்திருந்தால் பாதி நாள் சால்டரிங் புகை மிச்சம். அந்த வாரமே எனக்கும் ஒன்று வாங்கிவிட்டேன்.

போன வருடம் இஎல்84 சோர்ந்துபோனது. டியூபின் கரண்ட் தானே சரிசெய்துகொள்ளும் கேத்தோடு பயஸ் முறை என்பதால் புதியதைச் செருகியதோடு வேலை முடிந்தது.

ஒரே சிக்கல், 12 அங்குலத்தில் 5 வாட்டும் அதிகம். கீழ்வீட்டு மாமி மேலே வந்து, "ஏம்பா, மிக்ஸி ரிப்பேரா?" என்று கேட்டார். அதன்பிறகு ராத்திரிக்கு 12ஏஎக்ஸ்7-க்குப் பதில் 12ஏஒய்7 டியூபைச் செருகிக்கொள்கிறேன். கெயின் பாதிக்கும் குறைவு. மாமி இப்போது "நிறுத்திட்டியா?" என்கிறார்.