வீல்செயார் ஓட்டத்தை அளக்க: சைக்கிள் மீட்டரா, சில்லுல கட்டின போனா, வீடியோவா?

றிம்ல (சில்லோட சேந்த, கையால பிடிச்சுத் தள்ளுற வளையம்) கை எவ்வளவு பலமாத் தள்ளுது எண்டு நேரா சொல்ல ஸ்மார்ட்வீல் மாதிரி சென்சர் வச்ச சில்லு வேணும், அது ஆய்வுகூடத்துச் சாமான், எங்கட கைக்கு எட்டாது. அதால பலத்தை விட்டுட்டு வேகத்தையும் தள்ளுற விதத்தையும் மட்டும் பாப்பம்.

சைக்கிள் மீட்டர்தான் ஆகலும் லேசு, கம்பியில ஒரு காந்தம், பிரேம்ல ஒரு சென்சர், முடிஞ்சுது. 24 இஞ்சிச் சில்லு ஒருக்காச் சுத்த 1.9 மீட்டருக்குக் கிட்ட வரும், ஆனா அந்தக் கணக்கை அப்படியே போடாம ஆளை இருத்தி வச்சு சோக்கால கோடு போட்டு அளந்து போடுங்க, ஏனெண்டா பாரத்துக்கு ரயர் கொஞ்சம் அமுங்கும். திருகோணமலை இன்னர் ஹாபர் றோட்டில நீளமா ஓடுற ஆளுக்கு இது தாராளம். ஆனா ஒரு சுத்துக்கு ஒரு சிக்னல்தான் எண்டபடியா, நிண்ட இடத்தில இருந்து எடுக்கிற முதல் ரெண்டு மூண்டு தள்ளல்ல என்ன நடந்ததெண்டு இதுக்குத் தெரியவே தெரியாது, பாஸ்கற்போல் விளையாடுறவருக்கு அதுதானே முக்கியம்!

அங்கதான் போன் வெல்லுது. பழைய ரியூப் துண்டால சுத்தி அச்சுக்குக் கிட்ட, சில்லோட சமாந்தரமா இறுக்கிக் கட்டுங்க, ஜேர்மனியில ஆகன் பல்கலைக்கழகம் செய்த ஃபைஃபொக்ஸ் ஆப் இலவசம், அது போனில இருக்கிற ஜைரோவை (சுத்துற வேகத்தை அளக்கிற சென்சர்) வச்சு சில்லு சுத்துற வேகத்தை வரைஞ்சு தரும், அதை (செக்கனுக்கு ரேடியன்ல) சில்லின்ட ஆரையால பெருக்கினா ஓட்ட வேகம் வரும், அதே வைஃபையில இருக்கிற மற்றப் போனில பாத்துக்கொண்டே நிக்கலாம். ஒவ்வொரு தள்ளலுக்கும் ஒரு முகடு, கை விட்ட உடன ஒரு சரிவு, அந்தச் சரிவு செங்குத்தா விழுந்தா முதல்ல பெயரிங்கையும் ரயர் காத்தையும் பாருங்க, ஆளைக் குறை சொல்லாம. ஒரு போன் ஒரு சில்லைத்தான் காட்டும், இடம் வலம் பாக்க ரெண்டு வேணும்.

போனைச் சில்லுல கட்டப் பயமெண்டா ஜைரோ உள்ள எம்பியூ6050 எண்ட சின்னச் சென்சரை, அதை வாசிச்சு அனுப்புற ஈஎஸ்பி32 எண்ட சின்னக் கணினிப் போர்ட்டோட போடலாம், மலிவு. ஆனா அது தொடக்கத்தில செக்கனுக்கு 250 டிகிரிதான் அளக்கும், 24 இஞ்சிச் சில்லுக்கு மணிக்கு 5 கிலோமீட்டர் கூட வராது, அதுக்கு மேல கோடு மொட்டையா நிக்கும். புரோகிராம்ல அந்த எல்லையை 1000 டிகிரிக்கு மாத்துங்க.

வீடியோ வேகத்துக்குச் சரிவராது, ஆனா கை எங்க பிடிக்குது, எங்க விடுது, திரும்பி வரேக்க றிம்முக்குக் கீழால வருதா எண்டு காட்ட வேற ஒண்டும் இல்ல. தோள்மூட்டைக் காப்பாத்த நீளமா, இடிக்காம சீராத் தள்ளச் சொல்லி 2005ல அமெரிக்காவில வழிகாட்டியே வந்தது, அதைத் திருத்தக் கண்ணால பாக்கத்தான் வேணும். பக்கவாட்டில, அச்சு உயரத்தில, ஸ்லோமோஷன்ல எடுங்க.

எதை வச்சு அளந்தாலும் கச்சான் காத்து அடிக்கிற மாசத்தில ஒரு பக்கம் மட்டும் ஓடி எடுத்த கணக்கை நம்பாதீங்க, போய் வந்து ரெண்டையும் சராசரி எடுங்க. ஜிபிஎஸ் மணிக்கூடு ஏன் இதில இல்லையெண்டு கேக்கிறவங்களுக்கு, 20 மீட்டர் ஓட்டத்துக்கு அது சுத்த வீண்.