பொக்கோனியா, போலோனியாவா, வெனிஸா? இத்தாலியில் ஒரு செமஸ்டர் பிசினஸ் படிக்கப் போகிறவர்களுக்கு

இத்தாலிக்கு எக்ஸ்சேஞ்ச் போக வாய்ப்பு வந்ததும் பிபிஏ, எம்பிஏ மாணவர்கள் முதலில் திறப்பது ரேங்கிங் பட்டியலைத்தான். அதைப் பார்த்ததுமே மனசு மிலானின் பொக்கோனி பக்கம் சாய்ந்துவிடுகிறது. எனக்கு இதில் உடன்பாடில்லை. எக்ஸ்சேஞ்ச் மாணவருக்குப் பட்டம் கொடுப்பது சொந்தக் கல்லூரி. இத்தாலியப் பல்கலைக்கழகம் கொடுப்பது ஒரு மதிப்பெண் பட்டியல் மட்டும். அந்த ஐந்து மாதத்தில் எந்த மாதிரித் தொழிலைப் பக்கத்தில் இருந்து பார்க்கப் போகிறீர்கள், எந்த மாதிரித் தேர்வை எழுதப் போகிறீர்கள் என்பதை வைத்து ஊரைத் தேர்ந்தெடுப்பதுதான் சரி. அப்படிப் பார்த்தால் பொக்கோனி எல்லோருக்கும் முதலிடம் ஆகாது.

உங்கள் கல்லூரி யாரோடு ஒப்பந்தம் போட்டிருக்கிறதோ அங்கேதான் போக முடியும். அதனால் சர்வதேச உறவுகள் அலுவலகத்தில் பட்டியலை வாங்கிப் பார்த்துவிட்டு மேலே யோசியுங்கள். ஒப்பந்தத்தின் பெரிய லாபம், அங்கே கல்விக் கட்டணம் கிடையாது. இங்கே கட்டும் ஃபீஸ் போதும். பொக்கோனியில் நேரடியாகப் பட்டம் படிக்கச் சேர்ந்தால் ஆண்டுக்கு 10 ஆயிரம் யூரோவுக்கு மேல் ஆகும் என்பதை நினைத்தால் இது சாதாரணச் சலுகை இல்லை. 1987-இல் ஐரோப்பாவுக்குள் தொடங்கிய எராஸ்மஸ் மாணவர் பரிமாற்றத் திட்டம் இன்று இந்தியா, இலங்கைக் கல்லூரிகளுக்கும் திறந்திருக்கிறது. உங்கள் ஒப்பந்தம் அதன் கீழ் வந்தால் மாதாமாதம் உதவித்தொகையும் பயணச் செலவுக்குப் பணமும் கிடைக்கும். ஆனால் யூடியூபில் எல்லோரும் பேசும் இத்தாலிய ‘ரீஜனல் ஸ்காலர்ஷிப்’ முழுப் பட்டப்படிப்புக்குச் சேர்பவர்களுக்கானது. அதை நம்பி பட்ஜெட் போட்டுவிடாதீர்கள்.

பொக்கோனி: வேகம் பிடித்தவர்களுக்கு

1902-இல் ஃபெர்டினாண்டோ பொக்கோனி என்ற வணிகர் தொடங்கிய தனியார் பல்கலைக்கழகம் இது. 1896-இல் எத்தியோப்பியாவின் அட்வா போரில் மறைந்த மகன் லூயிஜியின் பெயரை அதற்கு வைத்தார். இத்தாலியின் பிரதமராக இருந்த மாரியோ மோன்டி இங்கே ரெக்டராகவும் தலைவராகவும் இருந்தவர். ஐஐஎம் அகமதாபாத்துடன் இரட்டைப் பட்ட ஏற்பாடு இருப்பதால் இந்திய மேலாண்மை வட்டாரத்தில் இந்தப் பெயருக்கு விளக்கம் தேவைப்படாது. ஆங்கிலத்தில் எடுக்கக்கூடிய பிசினஸ் பாடங்கள் இந்த மூன்று பல்கலைக்கழகங்களில் இங்கேதான் அதிகம். குரூப் வேலை, பிரசென்டேஷன், எழுத்துத் தேர்வு என்று வகுப்பு நடக்கும் முறையும் நம் பி-ஸ்கூல் மாணவருக்குப் பழகியதுதான்.

ஃபைனான்ஸ், கன்சல்டிங், ஃபேஷன் நிர்வாகம் என்று இலக்கு தெளிவாக இருப்பவர்களுக்கு மிலான் பொருந்தும். இத்தாலியப் பங்குச் சந்தை இருப்பது இந்த ஊரில். பிப்ரவரியிலும் செப்டம்பரிலும் ஃபேஷன் வாரம், ஏப்ரலில் சலோனே தெல் மோபிலே என்ற மரச்சாமான் கண்காட்சி. ஆம்பூர், ராணிப்பேட்டைத் தோல் வியாபாரிகளுக்குப் பழக்கமான லீனியாபெல்லே கண்காட்சியும் இங்கேதான் நடக்கிறது.

குறை என்னவென்றால், மிலானில் நீங்கள் பார்க்கப் போவது பெரும்பாலும் தலைமை அலுவலகங்களை. எந்தப் பெரிய நகரத்திலும் அவை ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். போதாததற்கு வாடகை. 2023 மே மாதம் மிலான் பாலிடெக்னிக் வாசலில் மாணவர்கள் கூடாரம் போட்டு உட்கார்ந்தது அறை வாடகையை எதிர்த்துத்தான், அது பிறகு நாடு முழுக்கப் பரவியது. தனி அறைக்கு மாதம் 700 யூரோ என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள். சாப்பாடு, போக்குவரத்து சேர்த்தால் 1,100 யூரோவைத் தாண்டும்.

போலோனியா: பெரும்பாலானவர்களுக்கு என் சிபாரிசு

1088-ஐத் தொடக்க ஆண்டாகக் கொண்டாடும் பல்கலைக்கழகம் இது, மேற்குலகின் மிகப் பழையது. ஐரோப்பிய உயர்கல்வியை ஒரே மாதிரி அடுக்கிய 1999 ஒப்பந்தம் கையெழுத்தானதும் இந்த ஊரில்தான். உங்கள் மதிப்பெண் பட்டியலில் வரப்போகும் கிரெடிட் கணக்கை ஐரோப்பா முழுக்கப் பொதுவாக்கியது அந்த ஏற்பாடு. செமஸ்டருக்கு 30 கிரெடிட், ஒரு கிரெடிட்டுக்கு ஏறத்தாழ 25 மணி நேர உழைப்பு. பொருளாதாரத் துறை பியாட்சா ஸ்கரவில்லியில் இருக்கிறது. பல்கலைக்கழகத் தெருவான வியா சம்போனியில் காலையில் நடந்தால் ஊரே மாணவர்களுடையது என்று தோன்றும். 2021-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த தூண் நடைபாதைகள் இருப்பதால் மழையில் குடை இல்லாமலே வகுப்புக்குப் போய்விடலாம்.

ஆனால் நான் போலோனியாவைச் சொல்வது பழமைக்காக இல்லை. சுற்றிலும் அரை மணி, ஒரு மணி தூரத்தில் தொழிற்சாலைகள். டுகாட்டி ஊர் எல்லைக்குள்ளேயே, போர்கோ பனிகாலேயில். லம்போர்கினி சாந்தாகதாவில், ஃபெராரி மரனெல்லோவில். இவற்றை எல்லோரும் போய்ப் பார்ப்பார்கள். பிசினஸ் மாணவர் தவறவிடக் கூடாதது பேக்கேஜிங் இயந்திரத் தொழில். பக்கத்து ஒட்ஸானோவில் இருக்கும் ஐமா நிறுவனம் தேயிலைப் பைகளை மடித்து, நூல் கட்டி, உறையிலிடும் இயந்திரங்களைச் செய்கிறது. நீலகிரித் தேயிலையோ கண்டித் தேயிலையோ விற்கிற வீட்டுப் பிள்ளைக்கு, தன் பொருளின் விலையில் பெரும்பங்கு எந்தக் கட்டத்தில் சேர்கிறது என்று கேஸ் ஸ்டடி எழுத இதைவிடப் பொருத்தமான ஊர் தெரியவில்லை.

கூட்டுறவும் இங்கே ஆழமாக வேரூன்றியது. இத்தாலிய அரசியலமைப்பின் 45-ஆவது பிரிவு கூட்டுறவின் சமூகப் பங்கை அங்கீகரிக்கிறது. நடைமுறையில் அது எப்படி இருக்கும் என்பதை எமிலியா-ரோமான்யா மாநிலத்தில் பார்க்கலாம். சூப்பர் மார்க்கெட்டில் நீங்கள் வாங்கும் கிரனரோலோ பால், மாடு வளர்ப்பவர்களின் கூட்டுறவு கையில் இருக்கும் நிறுவனத்தினுடையது. நம் ஆவினை அறிந்தவர், அரசு முன்னால் நிற்காமல் ஒரு பால் கூட்டுறவு எப்படிப் பன்னாட்டுப் போட்டியில் நிற்கிறது என்று ஆராயலாம். போலோனியாவில் பாடம் நடத்திய ஸ்டெஃபானோ ஜமான்யி போன்ற பொருளாதார அறிஞர்கள் இதை ஒரு தனிச் சிந்தனைப் பள்ளியாகவே வளர்த்தவர்கள். மிலானில் இந்தப் பேச்சு அவ்வளவாகக் காதில் விழாது.

இனி தேர்வு முறை. இத்தாலியில் எங்கும் மதிப்பெண் 30-க்கு. 18 எடுத்தால் தேர்ச்சி, உச்சம் 30-உம் கூடுதல் பாராட்டும். அரசுப் பல்கலைக்கழகங்களில் வாய்மொழித் தேர்வு இன்றும் உயிரோடு இருக்கிறது, அது நம்மவர்களைத் திணறடிப்பதும் உண்டு. பேராசிரியர் மேசைக்கு அந்தப் பக்கம், நீங்கள் இந்தப் பக்கம். பின்னால் பெஞ்சில் முறைக்காகக் காத்திருக்கும் மாணவர்கள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பார்கள், ஏனென்றால் தேர்வு பொதுவில் நடக்க வேண்டும் என்பது விதி. முதல் கேள்வி பல நேரம் ‘உனக்குப் பிடித்த தலைப்பில் தொடங்கு’ என்று வரும். அங்கே தயங்கினால் அடுத்த பத்து நிமிடமும் தயக்கம்தான். முடிந்ததும் மதிப்பெண்ணை முகத்துக்கு நேரே சொல்வார்கள். குறைவு என்று தோன்றினால் பெரும்பாலும் அதை மறுத்துவிட்டு அடுத்த சுற்றில் திரும்ப எழுதலாம். நம் ஊரில் இல்லாத வசதி இது, ஆனால் ஊர் திரும்ப டிக்கெட் போட்டுவிட்ட எக்ஸ்சேஞ்ச் மாணவருக்கு அடுத்த சுற்று எட்டாமல் போய்விடும். பாடம் தேர்ந்தெடுக்கும்போதே தேர்வு எழுத்தா, வாய்மொழியா, எத்தனை சுற்று என்று பாட விவரத்தில் பாருங்கள். வகுப்புக்கு வருபவருக்கு ஒரு பாடத்திட்டம், வராதவருக்கு வேறு என்று இருப்பதும் வழக்கம்.

போலோனியாவிலும் சிக்கல்கள் உண்டு. அறை கிடைப்பது கடினம், செப்டம்பரில் மிகக் கடினம். ஃபோர்லி, ரிமினி, செசேனா, ரவேனா ஆகிய ஊர்களிலும் இந்தப் பல்கலைக்கழகத்துக்கு வளாகங்கள் உண்டு. ஒப்பந்தத்தில் ‘போலோனியா பல்கலைக்கழகம்’ என்று இருந்தாலும் உங்களுக்கு ஒதுக்கிய இடம் ரிமினியாக இருக்கலாம். சுற்றுலா நிர்வாகம் படிக்கிறவருக்கு அந்தக் கடற்கரை நகரம் வரம். மற்றவர்கள் வீடு தேடும் முன் வளாகத்தின் பெயரை உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும்.

வெனிஸ்: குடும்பத் தொழில் வீட்டுப் பிள்ளைகளுக்கு

வெனிஸ் என்றதும் படிப்பு நினைவுக்கு வராது. ஆனால் உயர்கல்வியில் வணிகத்துக்கென்று இத்தாலியில் எழுந்த முதல் பள்ளி 1868-இல் இங்கே தொடங்கியது. அதுதான் இன்றைய கா ஃபோஸ்கரி பல்கலைக்கழகம். பி.காம் படித்த எவருக்கும் வேறொரு உறவும் உண்டு. பற்று, வரவு என்று நாம் எழுதும் இரட்டைப் பதிவு முறையை விளக்கிய லூகா பச்சோலியின் நூல் 1494-இல் அச்சானது இந்த ஊரில்தான். வெனிஸ் வணிகர்கள் கையாண்ட முறை என்றே அதை அவர் எழுதினார். ரியால்டோ பாலத்தின் அருகே 1587-இல் பொது வங்கி ஒன்று தொடங்கியதையும் சேர்த்தால், வணிக வரலாற்றில் ஆர்வம் உள்ளவருக்கு ஒரு செமஸ்டர் போதாது.

பொருளாதார, மேலாண்மை வகுப்புகள் கிராண்ட் கனால் கரையில் இருக்கும் பல்கலைக்கழகத்தின் அரண்மனையில் நடப்பதில்லை. ரயில் நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில், சான் ஜோபே பகுதியில், பழைய இறைச்சிக்கூடத்தை மாற்றிக் கட்டிய வளாகத்தில் நடக்கின்றன. 1960-களில் லெ கொர்புசியே ஒரு மருத்துவமனையைத் திட்டமிட்டு, கட்டாமலே போன இடம் அது. இங்கே படிப்பவர்களில் நிறையப் பேர் குடியிருப்பது ரயிலில் பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் இருக்கும் மெஸ்த்ரேயில். வாடகையும் அங்கே மிலானைவிடக் கணிசமாகக் குறைவு. இலையுதிர்காலத்தில் ஊருக்குள் தண்ணீர் ஏறும் என்ற பயமும் 2020 அக்டோபரில் மோசே தடுப்புக் கதவுகள் முதன்முதலாக வெள்ளத்தைத் தடுக்க எழுந்த பிறகு பெரிதும் குறைந்துவிட்டது. தீராத தொல்லை சுற்றுலாக் கூட்டம்தான்.

வெனிஸின் உண்மையான பலம் அதன் பின்நிலமான வெனெத்தோ மாநிலம். பெரிய கம்பெனி ஒன்றை நம்பி இல்லாமல், ஒரே தொழிலில் நூற்றுக்கணக்கான சிறு குடும்ப நிறுவனங்கள் பக்கத்துப் பக்கத்தில் இயங்கும் ஊர்கள் இங்கே நிறைய. இவற்றை ‘தொழில் மாவட்டம்’ என்று கோட்பாடாக்கியவர் ஃபிளாரன்ஸின் ஜாகோமோ பெகாத்தினி. படுவாவுக்கும் வெனிஸுக்கும் நடுவே பிரெந்தா ஆற்றங்கரையில் உயர்ரகப் பெண்கள் காலணி. விசென்சா அருகே அர்சின்யானோவில் தோல் பதனிடுதல். பெலுனோ மலைகளில் மூக்குக் கண்ணாடி, உலகப் பெரும் நிறுவனமான லக்சோட்டிகா பிறந்த அகோர்தோ அங்கேதான்.

திருப்பூரிலோ ஆம்பூரிலோ வளர்ந்த மாணவருக்கு இந்த அமைப்பை யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஜாப் ஒர்க், கடன், சாயக் கழிவு, பெரிய பிராண்டின் விலை நெருக்கடி எல்லாம் வீட்டிலேயே கேட்டு வளர்ந்தவை. அதே அமைப்பில் இருந்துகொண்டே வெனெத்தோக்காரர்கள் எப்படிப் பெரும் பிராண்டுகளுக்கு நல்ல விலையில் விற்கிறார்கள், அப்பாவிடமிருந்து பிள்ளைக்குத் தொழில் மாறும்போது எங்கே உடைகிறது என்று கண்ணால் பார்ப்பதற்கு பொக்கோனி வகுப்பறை ஈடாகாது. எக்ஸ்போர்ட் குடும்பத்துப் பிள்ளைகள் கா ஃபோஸ்கரி பட்டியலில் இருந்தும் அதைத் தாண்டிப் போவதைப் பார்க்க எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

இந்த மூன்றைத் தவிர வேறு இடங்களும் உண்டு. ரோமின் லூயிஸ் (LUISS), தொழிலதிபர் கூட்டமைப்பான கோன்ஃபின்டுஸ்ட்ரியாவோடு நெருக்கமான தனியார் பல்கலைக்கழகம். அரசுக் கொள்கை, சட்டம், நிர்வாகம் மூன்றும் சேரும் இடத்தில் வேலை தேடுபவருக்கு நல்லது. கார்த் தொழில் ஈர்த்தால் டூரின். பலெர்மோவில் ஈழத் தமிழர்கள் நல்ல எண்ணிக்கையில் வாழ்கிறார்கள், சாந்தா ரொசாலியா குகைக் கோவிலுக்கு மலையேறிப் போகும் தமிழ்க் குடும்பங்களை அங்கே பார்க்கலாம். மொழிப் பயம் அதிகம் உள்ளவருக்கு அது ஆறுதலாக இருக்கலாம், ஆங்கிலவழிப் பாடங்கள் போதுமா என்று மட்டும் முதலில் பார்க்க வேண்டும்.

நாட்காட்டியும் காகிதங்களும்

பலரும் கவனிக்காமல் விடுவது நாட்காட்டி. இத்தாலிய அரசுப் பல்கலைக்கழகங்களில் முதல் செமஸ்டர் தேர்வுகள் ஜனவரி, பிப்ரவரி வரை நீளும். அதற்குள் நம் கல்லூரிகளில் அடுத்த செமஸ்டர் தொடங்கியிருக்கும். பிப்ரவரியில் தொடங்கி ஜூன், ஜூலையில் முடியும் இரண்டாம் செமஸ்டர் போலோனியாவுக்கும் வெனிஸுக்கும் பொருந்தி வரும். அறை தேடுவதும் அப்போது சற்று எளிது. செப்டம்பரில்தான் போயாக வேண்டும் என்றால், தேர்வுகளைச் சீக்கிரம் முடித்துக்கொள்ள வாய்ப்புள்ள பொக்கோனிக்குக் கூடுதல் மதிப்பெண் கொடுப்பேன்.

வீட்டு விஷயத்தில், இத்தாலியில் மாணவர்களுக்கான வாடகை ஒப்பந்தம் குறைந்தது 6 மாதம். ஐந்து மாதம் தங்குபவரை வீட்டுக்காரர்கள் விரும்புவதில்லை, குறுகிய கால ஒப்பந்தம் தனியாகக் கேட்க வேண்டும். நேரிலோ நம்பகமானவர் மூலமோ அறையைப் பார்க்காமல் முன்பணம் அனுப்பாதீர்கள். விசாவுக்குக் காட்டச் சொல்லும் குறைந்தபட்சத் தொகையை வைத்து மூன்று ஊரில் எதிலும் மாதத்தை ஓட்ட முடியாது.

90 நாளுக்கு மேல் தங்குவதால் டி வகை விசா. இறங்கிய 8 வேலை நாட்களுக்குள் வசிப்பு அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். தபால் நிலையத்தில் படிவக் கட்டு இலவசமாகத் தருவார்கள். சிகரெட், பஸ் டிக்கெட் விற்கும் கடையில் 16 யூரோ முத்திரை வாங்கி ஒட்டி, உறையை ஒட்டாமல் திறந்தபடியே கவுன்டரில் கொடுக்க வேண்டும். மற்ற கட்டணங்களும் சேர்த்தால் 100 யூரோவைத் தாண்டும். அங்கே தரும் ரசீதைப் பத்திரமாக வையுங்கள், பிறகு கைரேகைக்குக் காவல் அலுவலகம் போக வேண்டியிருக்கும். பலருக்கு அட்டை தயாராகும்போது செமஸ்டரே முடிந்துவிடுகிறது. அதுவரை மற்ற ஐரோப்பிய நாடுகளுக்குப் போக விசா செல்லுபடியாக வேண்டும், ரசீது மட்டும் போதாது. அதனால் விசா நாட்கள் தேர்வு முடியும் வரை வருகின்றனவா என்று பாஸ்போர்ட் கையில் வந்த அன்றே பாருங்கள்.

ஃபைனான்ஸ் அல்லது கன்சல்டிங் என்று உறுதி, வீட்டிலோ உதவித்தொகையிலோ பணம் இருக்கிறது என்றால் பொக்கோனி. தோல், துணி, நகை என்று வீட்டில் தொழில் இருந்தால் யோசிக்காமல் கா ஃபோஸ்கரி. இன்னும் முடிவெடுக்காத மற்ற எல்லோருக்கும் போலோனியா. பிப்ரவரியில் கிளம்ப, பெயர் கொடுக்கும் கெடு பெரும்பாலும் முந்தைய ஆண்டு அக்டோபர் வாக்கிலேயே வந்துவிடும். அதற்குமுன் எடுக்கப்போகும் பாடங்களை எழுதி, இங்கே எந்தப் பாடத்துக்கு ஈடாக ஏற்பார்கள் என்று துறைத் தலைவரிடம் கையெழுத்தோடு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.