எங்கள் எடையைக் கேட்காத விமானி: 1,960 டாலர் போச்சு

நேற்றுக் காலை நடந்தது. இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை, எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஹவாயில் சின்ன விமானத்தில் தீவு தீவாகச் சுற்றிப்பார்க்க ஆசைப்படுபவர்கள் பணம் கட்டுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். எங்களுக்குப் போனது 1,960 டாலர். தரையை விட்டு ஓர் அடிகூட எழும்பவில்லை.

அம்மாவுக்காகத்தான் இந்த ஏற்பாடே. கான்வென்ட் பள்ளியில் முப்பது வருடம் டீச்சர். ஃபாதர் தமியான் கதையை வருடாவருடம் பிள்ளைகளுக்குச் சொல்லியவர். மொலக்காய் தீவில் கலாவுபாபா என்ற இடம், மூன்று பக்கம் கடல், முதுகுப்பக்கம் செங்குத்தான மலைச்சுவர். தப்பிக்க வழியில்லை என்பதால்தான் 1866 முதல் தொழுநோயாளிகளை அங்கே கொண்டுபோய் விட்டார்கள். தமியான் 1873இல் அங்கே போய், அவர்களோடே பதினாறு வருடம் இருந்து, அதே நோயில் இறந்தார். அந்த இடத்தை மேலிருந்தாவது ஒருமுறை பார்க்க வேண்டும் என்பது அம்மாவின் நெடுநாள் ஆசை.

முதலில் நான் போன் செய்தது முறையாக நடக்கும் ஒரு விமானக் கம்பெனிக்கு. அந்தப் பெண் எடுத்த எடுப்பில் நால்வரின் உடல் எடையையும் கேட்டாள். வரும் அன்று எடைமேடையிலும் ஏறி நிற்க வேண்டுமாம். அம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "எடை போட்டு ஏத்துறதுக்கு இதென்ன கறிக்கடையா? வேற இடம் பாரு தம்பி" என்றார். நானும் பார்த்தேன். என் புத்தியை என்ன சொல்வது!

சுற்றுலா அனுபவங்களை விற்கும் ஓர் இணையதளத்தில்தான் இந்த விமானி மாட்டினான். இல்லை, நாங்கள் மாட்டினோம். சொந்த விமானம், ஆறு இருக்கை, மொலக்காயின் வடகரையில் மூவாயிரம் அடிக்கு மேல் நிற்கும் கடல்பாறைகள், அப்புறம் லனாய் தீவில் இறங்கி மதியச் சாப்பாடு. விமானத்தின் பக்கத்தில் அவன் சிரித்துக்கொண்டு நிற்கும் படம். எடையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. எவ்வளவு பண்பான ஆள் என்று நாங்கள் பேசிக்கொண்டோம்.

தளத்தில் 2,200 டாலர் போட்டிருந்தது. நேரடியாக அனுப்பினால் 1,960 என்றான். "ஏங்க, வெளியில எதுக்கு அனுப்பணும்?" என்று மனைவி கேட்டது இப்போதும் காதில் கேட்கிறது. அந்த நேரம் பார்த்து அவன் வீடியோ அழைப்பில் வந்தான். அம்மாவிடம் பேச வேண்டும் என்றான். தமியான் கட்டிய கோயிலை ஜன்னல் வழியாகக் காட்டுகிறேன், கலாவுபாபாவிலேயே இறக்கி அரைமணி நேரம் நடக்க வைக்கிறேன் என்றான். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்தக் கண்ணைப் பார்த்துக்கொண்டே நான் பணத்தை அனுப்பினேன். கட்டணம் மிச்சமாகும் என்று அவன் சொன்னபடி, பணம் அனுப்பும் செயலியில் 'நண்பர், குடும்பத்தினர்' என்பதைத் தேர்வு செய்து.

கலாவுபாபாவில் முன்அனுமதி இல்லாமல் யாரும் காலே வைக்க முடியாது என்பது நேற்று மதியம்தான் எனக்குத் தெரியும்.

ஹொனலுலுவில் சின்ன விமானங்கள் நிற்கும் லகூன் டிரைவ் பக்கம் ஆறரைக்கே போய் நின்றோம். ஏழேகாலுக்கு அரைக்கால் சட்டையோடு வந்தான். அங்கே நின்றது செஸ்னா 172. அவன் இருக்கையையும் சேர்த்தே நான்குதான். நாங்கள் நால்வர்! பெரிய விமானம் ரிப்பேரில் இருக்கிறதாம், இரண்டு டிரிப்பாகப் போகலாமாம். அதிகம் பேசாத அப்பா, "நாப்பது கிலோமீட்டர் கடலை ஒத்தை எஞ்சின்ல தாண்டணும். லைஃப் ஜாக்கெட் எங்கே?" என்று கேட்டார். தேடி எடுத்தான். இரண்டு இருந்தது.

அதற்குப் பிறகு சொன்னான் பாருங்கள்: "யாராவது கேட்டால் நாம் நண்பர்கள் என்று சொல்லுங்கள். பணத்தைப் பற்றிப் பேச வேண்டாம்." மனைவி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வேலிக்கு வெளியே நடந்துவிட்டாள்.

பணத்தைக் கேட்டேன். "நான் தயாராக இருக்கிறேன், ரத்து செய்தது நீங்கள்" என்றான். பத்து மணிக்குக் கேட்டபோது, தீவுகளுக்கு நடுவே கடலில் காற்று அதிகம், எப்படியும் போயிருக்க முடியாது என்றான். தலைக்கு மேலே மற்ற விமானங்கள் போய்க்கொண்டிருந்தன. பதினொரு மணிக்கு என் எண்ணைத் தடுத்துவிட்டான். தளத்துக்காரர்கள், பணம் எங்கள் வழியாக வரவில்லையே என்றார்கள். பணம் அனுப்பிய செயலியில், நண்பருக்கு அனுப்பியதற்குப் பாதுகாப்பு கிடையாது என்றார்கள். வங்கியில், நீங்களே ஒப்புதல் கொடுத்து அனுப்பியது என்றார்கள். எல்லாரும் "வருந்துகிறோம்" என்று சொல்லிவிட்டுத்தான் வைத்தார்கள். 1,960 டாலர்!

பக்கத்தில் விமானம் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் ஒருவர் எங்களை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்துப் புரியவைத்தார். ஒரு தீவில் ஏற்றி இன்னொன்றில் இறக்கிக் காசு வாங்க வேண்டுமென்றால் அமெரிக்க அரசின் விமானத் துறையான எஃப்.ஏ.ஏ. கொடுக்கும் 'பார்ட் 135' சான்றிதழ் வேண்டும். தனிநபர் உரிமம் மட்டும் உள்ளவர் தன் பங்கையும் போட்டு எரிபொருள் செலவைத் தெரிந்தவர்களோடு பகிர்ந்துகொள்ளலாம், அவ்வளவுதான். விளம்பரம் போட்டு ஆள் பிடிக்கக் கூடாது. நண்பர்கள் என்று சொல்லச் சொன்னது அதற்குத்தான். எடையும் அப்படித்தான். சின்ன விமானத்தில் யாரை முன்னால் உட்காரவைப்பது, எவ்வளவு எரிபொருள் ஊற்றுவது எல்லாமே எடையை வைத்துத்தான். கேட்காதவனோடுதான் பயப்பட வேண்டுமாம். படத்தில் இருந்த விமானத்தின் வால் எண்ணை, அதாவது பதிவு எண்ணை, எஃப்.ஏ.ஏ. பதிவேட்டில் தட்டிப் பார்த்தார். ஃப்ளோரிடாவில் யாருடையதோ.

விரிவாக ஆலோசனை எழுத நினைத்தேன், பொறுமை இல்லை. தளத்துக்கு வெளியே பணம் அனுப்பாதீர்கள். N என்று தொடங்கும் வால் எண்ணை முன்னாலேயே வாங்கித் தேடுங்கள். பார்ட் 135 சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள், இழுத்தால் விட்டுவிடுங்கள். எடை கேட்டால் கோபப்படாதீர்கள்.

எஃப்.ஏ.ஏ.வில் புகார் கொடுத்திருக்கிறேன். 1,960 டாலரை வாங்கித் தருவது அவர்கள் வேலை இல்லையாம்.

இன்று காலை அம்மா ஹோட்டல் ஜிம்முக்குப் போய்விட்டு வந்து, "எழுபத்தொண்ணு. அந்தப் பொண்ணுகிட்டச் சொல்லிடு" என்றார். போன் செய்தேன். வெள்ளிக்கிழமை வரை இடமில்லை. எங்களுக்கு ஊர் திரும்ப வியாழக்கிழமை டிக்கெட்.