திவாலான நிறுவனத்தின் மீதான வசூல் வழக்கு: மஞ்சக்குப்பம் வழக்கறிஞர் அலுவலகத்தின் சேவை

கடலூர் சிப்காட்டில் இயங்கிய ஒரு நிறுவனத்துக்கு அட்டைப்பெட்டி கொடுத்த வகையில் எனக்கு வர வேண்டிய பாக்கிக்காக, மஞ்சக்குப்பத்தில் உள்ள ஒரு வழக்கறிஞர் அலுவலகம் வசூல் வழக்கு நடத்திவருகிறது. சாட்சி விசாரணை தொடங்கவிருந்த நேரத்தில், வங்கி கொடுத்த மனுவை ஏற்று, சென்னையிலுள்ள தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயம் அந்த நிறுவனத்தின் மீது திவால் நடவடிக்கையைத் தொடங்கியது. அதற்குப் பிறகு இந்த அலுவலகம் செய்த வேலையைப் பற்றியே எழுதுகிறேன்.

2016ஆம் ஆண்டின் திவால் சட்டம், 14ஆவது பிரிவின்படி, மனு ஏற்கப்பட்ட நாள் முதல் அந்த நிறுவனத்தின் மீது புதிதாக வழக்குப் போடவும், நடக்கிற வழக்கைத் தொடரவும், கையில் டிகிரி (பணம் தரச் சொல்லும் நீதிமன்றத் தீர்ப்பாணை) இருந்தாலும் அதை நிறைவேற்றவும் தடை உண்டு. ஆளாளுக்கு முந்திக்கொண்டு ஜப்தி செய்தால் ஆலையே மிஞ்சாது என்பதால்தான் இந்தத் தடை என்று வழக்கறிஞர் அம்மா பொறுமையாக விளக்கினார். இந்தத் தடையைத் தெரிவித்து எதிர்த்தரப்பு கொடுத்த மெமோவைப் பதிவு செய்து நீதிமன்றம் வழக்கை நிறுத்தி வைத்ததே தவிர, தள்ளுபடி செய்யவில்லை. தடை நீடிக்கும் காலம், வழக்குப் போடுவதற்கான காலவரம்புக் கணக்கில் சேராது என்பதையும் அவரே சொன்னார்.

இனி வாய்தா இல்லையே என்று சும்மா இருந்துவிடக் கூடாது என்பதில் அவர் மிகவும் கண்டிப்பாக இருந்தார். திவால் நடவடிக்கையில் நிறுவனத்தின் பொறுப்பை ஏற்கும் இடைக்காலத் தீர்வு வல்லுநர் நியமிக்கப்பட்ட 3 நாட்களுக்குள் உரிமைகோரல் கேட்டு நாளிதழில் அறிவிப்பு வரும்; நியமனத்திலிருந்து 14 நாட்களுக்குள் உரிமைகோரலைக் கொடுக்க வேண்டும். தவறவிட்டவர்களுக்குப் பிறகும் வழி உண்டு என்றாலும், நிறுவனத்தை மீட்டுக் கடன்களைத் தீர்ப்பதற்கான தீர்வுத் திட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்த பின் அதில் இடம்பெறாத பாக்கி அழிந்துபோகும் என்று உச்ச நீதிமன்றம் 2021இல் தீர்ப்பளித்திருக்கிறது. அந்த அறிவிப்பைக் கவனித்து, என்னை அழைத்து, சரக்கு கொடுத்தவர்கள் உரிமைகோருவதற்கான படிவம் பி நிரப்பி அனுப்பியது இந்த அலுவலகம்தான். குமாஸ்தா ஒவ்வொரு பில்லையும் அதற்குரிய டெலிவரி சலானோடு தேதி வாரியாகக் கோத்தார். ஆலை வாயில் முத்திரை மங்கியிருந்த சலான்களுக்கு இ-வே பில்லை (சரக்கு அனுப்பியதற்கான இணையவழிச் சீட்டு) எடுத்துச் சேர்த்தார். அந்த உழைப்பு இல்லாமல் என் தொகை முழுவதும் கடன் பட்டியலில் ஏறியிருக்காது என்றே நான் நம்புகிறேன்.

நம்பிக்கை ஊட்டுவதற்காக எதையும் மிகைப்படுத்திச் சொல்லாததை நான் பெரிதாக மதிக்கிறேன். சரக்கு கொடுத்தவர்களுக்குக் தீர்வுத் திட்டத்தை முடிவு செய்யும் கடன் கொடுத்தோர் குழுவில் வாக்கு இல்லை, சொத்துகளை விற்றுப் பங்கிடும் நிலை வந்தால் பிணை பெற்ற வங்கிகளுக்குப் பின்னால்தான் நம் முறை வரும் என்பதை முதல் நாளே சொல்லிவிட்டார்கள். காசோலை பணமின்றித் திரும்பியதற்காக ஏற்கெனவே போட்டிருந்த வழக்கு நிறுவனத்தைப் பொறுத்தவரை நின்றாலும், கையெழுத்திட்ட இயக்குநர் மீது தொடர்கிறது. அவருக்கு இந்தத் தடை பாதுகாப்புத் தராது.

குறை என்றால், கட்டணத்தைத் தொடக்கத்திலேயே எழுத்தில் தராமல் கட்டம் கட்டமாகக் கேட்கிறார்கள். மாலையில் தொலைபேசியில் பிடிப்பதும் கடினம். நேரில் போக வசதியுள்ள சிறு வியாபாரிகளுக்கு இந்த அலுவலகத்தைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். போகும்போது சலான், வங்கிக் கணக்கு விவரம், பிராது (வழக்கு மனு) நகல் மூன்றையும் எடுத்துச் செல்லுங்கள்.