தெயின்ஜி சந்தையில் வாங்கிய பரிசுப் பெட்டி

யாங்கோனில் ஒரு கோயில் வகுப்பில் ஞாயிறுதோறும் சிறு பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். தெருவிலும் பள்ளிக்கூடத்திலும் பர்மிய மொழி பேசும் பிள்ளைகள். ண, ந, ன எழுதிப் பழகுவதற்குள் சோர்ந்துவிடுகிறார்கள். அவர்களுக்காக வாங்கியதுதான் இந்தப் பெட்டி. உள்ளே ரப்பர் முத்திரை, நட்சத்திர ஸ்டிக்கர், பிளாஸ்டிக் காசுகள், பெயர் எழுதிச் சுவரில் மாட்டும் அட்டவணை.

முத்திரைக்காகவே வாங்கலாம். சிரிக்கிற யானை முகம். எழுத்து சரியாக வந்த அந்த நொடியே குத்திவிடலாம் என்பதால், எதற்குக் கிடைத்தது என்று பிள்ளைக்குத் தெளிவாகத் தெரிகிறது. "மூணு சுழியும் அழகா வந்திருக்கும்மா" என்று சொல்லிக்கொண்டே குத்துவேன். வெறும் 'நல்லா இருக்கு' போதாது. நோட்டு வேண்டாம், கையில குத்துங்க டீச்சர் என்று புறங்கையை நீட்டுகிறார்கள், வீட்டில் அம்மாவிடம் காட்ட. வியர்வையில் மை கலைந்துவிடுவதுதான் குறை. ஸ்டிக்கர் சுமார். பசை நிற்கவில்லை.

காசுகளைச் சேர்த்தால் எதற்கு மாற்றலாம் என்பதை நாம்தான் முடிவு செய்யவேண்டும். பெட்டியின் பயன் முழுக்க இதில்தான் இருக்கிறது. ஒருவர் விரும்பிச் செய்யும் செயலையே, அவர் தயங்கும் வேலைக்குப் பரிசாக வைக்கலாம் என்று டேவிட் பிரீமாக் என்ற அமெரிக்க உளவியலாளர் 1959இல் எழுதினார். இடைவேளையில் யார் எதைத் தேடி ஓடுகிறார்கள் என்று கவனித்தேன். பையன்களுக்குச் சின்லோன் பந்து, காலால் தட்டி ஆடும் பிரம்புப் பந்து. ஒரு பத்தி தடுமாறாமல் வாசித்தால் முற்றத்தில் கொஞ்ச நேரம் ஆடலாம். அதிகம் பேசாத ஒரு சின்னப் பெண், காசையெல்லாம் கலர் சாக்பீஸில் கரும்பலகையில் எழுதுவதற்கே செலவழிக்கிறாள். மிட்டாயை அவள் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

கதை நேரத்துக்கு மட்டும் காசு தருவதில்லை. கதை சொல்லுங்க என்று பிள்ளைகளே ஆசையாகக் கேட்கிறார்கள். படம் வரைய ஆசைப்படும் மழலையரிடம் பரிசு தருவதாக முன்கூட்டியே சொல்லி வரையவைத்தபோது, பிறகு அவர்கள் தாமாக வரைவது குறைந்தது என்று லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற உளவியலாளர்கள் 1973இல் காட்டினார்கள். எதிர்பாராமல் பரிசு பெற்றவர்களிடம் அந்தக் குறைவு இல்லை.

அட்டவணையை நான் மாட்டவே இல்லை. பின்தங்கிய பிள்ளையின் வெற்றுக் கட்டங்களை எல்லோரும் பார்ப்பதில் எனக்குச் சம்மதமில்லை. கடையில் முத்திரையும் காசும் தனியாகக் கிடைத்தால் அவற்றை மட்டும் வாங்குங்கள். மைப்புட்டி ஒன்றும் சேர்த்து.