மாடித் தக்காளிக்கு எந்தப் புண்ணாக்கு? கடலை, கொட்டமுத்து (ஆமணக்கு), வேம்பு, தேங்காய், கூடவே கிளைரிசிடியா தழை

கொங்குப் பக்கம் செடிக்குப் புண்ணாக்குத் தேடி அலைய வேண்டியதில்லை. காங்கேயம், வெள்ளகோவில் பக்கம் கொப்பரைக் களங்களும் தேங்காய் எண்ணெய் ஆலைகளும் நிறைய. அவல்பூந்துறையில் கொப்பரை ஏலம், சிவகிரியில் எள் ஏலம். ஊருக்கு ஊர் கடலைச் செக்கு. கிடைப்பதில் சிரமமே இல்லாததால்தான் குழப்பமும் வருகிறது. கையில் எது இருக்கிறதோ அதைக் கரைத்து ஊற்றிவிட்டு, செடி கருகருவென்று வளர்ந்தும் காய் பிடிக்கவில்லை என்று கேட்பவர்கள் அதிகம்.

இங்கே ஒப்பிடுவது செடியிலிருந்து வந்த உரங்களை மட்டும். சாணமும் கோமியமும் சேரும் பஞ்சகவ்யம், ஜீவாமிர்தம் இரண்டையும் எடுக்கவில்லை. அவை நுண்ணுயிருக்காகப் பயன்படுத்துபவை. சத்தின் கிராம் கணக்கில் புண்ணாக்கோடு நிறுத்திப் பார்க்கத் தக்கவை அல்ல.

உதாரணத்துக்குப் பிகேஎம் 1 தக்காளியை வைத்துக்கொள்வோம். ஓரளவு உயர்ந்ததும் வளர்ச்சி நின்றுவிடும் குட்டை ரகம், மொத்த வயது சுமார் 135 நாள். தக்காளி பகல் நீளத்தைப் பார்த்துப் பூப்பதில்லை. வயது வந்தால் பூத்துவிடும். நட்ட ஒரு மாதத்தில் பூ வரும். அதற்குள் செடி வளர்ந்திருந்தாலும் சரி, வாடி நின்றாலும் சரி, அது காத்திருக்காது. கத்தரிபோல் கவாத்து பண்ணி மறுபடி எடுக்கவும் வழியில்லை. ஆகவே எந்த உரம் என்பதைவிட, அந்த உரம் எத்தனை நாளில் வேருக்குக் கிடைக்கும் என்பதே முதல் கேள்வி.

கணக்கு

ஒரு கிலோ தக்காளி காய்க்க, இலை தண்டு எல்லாம் சேர்த்துச் செடி மண்ணிலிருந்து எடுப்பது சுமாராக 3 கிராம் தழைச்சத்து (நைட்ரஜன்), 1 கிராம் மணிச்சத்து (பாஸ்பரஸ்), 4 முதல் 5 கிராம் சாம்பல்சத்து (பொட்டாசியம்). பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு அங்குல குரோ பேக்கில் ஒரு செடி, 2 கிலோ காய் என்று வைத்தால் 6 கிராம் தழைச்சத்தும் 9 கிராம் சாம்பல்சத்தும் வேண்டும். புண்ணாக்கில் இருக்கும் தழைச்சத்து முழுவதும் ஒரே பயிருக்குள் கரைந்து வராது. அதனால் ஒன்றரை மடங்காக, 9 கிராம் தழைச்சத்துக்குக் கணக்குப் போட்டால் இப்படி வருகிறது:

| புண்ணாக்கு | தழை % | மணி % | சாம்பல் % | ஒரு பைக்கு | அதில் வரும் சாம்பல்சத்து |
|---|---|---|---|---|---|
| கடலை (தோல் நீக்கியது) | 7.3 | 1.5 | 1.3 | 125 கிராம் | 1.6 கிராம் |
| எள் | 6.2 | 2.0 | 1.2 | 145 கிராம் | 1.7 கிராம் |
| வேம்பு | 5.2 | 1.0 | 1.4 | 175 கிராம் | 2.5 கிராம் |
| கொட்டமுத்து | 4.3 | 1.8 | 1.3 | 210 கிராம் | 2.7 கிராம் |
| தேங்காய் | 3.0 | 1.9 | 1.8 | 300 கிராம் | 5.4 கிராம் |

அட்டவணையின் கடைசி நெடுவரிசையைப் பாருங்கள். வேண்டியது 9 கிராம். எந்தப் புண்ணாக்கும் அதைத் தொடவில்லை. சாம்பல்சத்துக்காகப் புண்ணாக்கைக் கூட்டினால் தழைச்சத்து தலைக்கு மேல் ஏறிவிடும். இலை கரும்பச்சையாகிச் சுருளும், தண்டு தடிக்கும், பூ உதிரும். ‘செடி நல்லா இருக்கு, காய்தான் இல்லை’ என்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். மணிச்சத்தைப் பற்றி அவ்வளவு கவலை வேண்டாம், இந்த அளவுகளிலேயே ஏறக்குறைய தேறிவிடுகிறது.

கடலைப் புண்ணாக்கு: வேகம்

ஐந்திலும் சீக்கிரம் மக்குவது இதுதான். நூறு கிராம் புண்ணாக்கை ஒரு லிட்டர் தண்ணீரில் ஊறப்போட்டு, துணி கட்டி மூடி, தினம் இரண்டு தரம் கிளறுங்கள். மார்கழிக் குளிரில் மூன்று நாள், சித்திரை வெயிலில் இரண்டு நாள் போதும். வடிகட்டி, பத்து லிட்டராக்கி, செடிக்கு அரை லிட்டர். அந்த அரை லிட்டரில் இருப்பது 5 கிராம் புண்ணாக்கின் சத்து, அதாவது அதிகபட்சம் 0.36 கிராம் தழைச்சத்து. வாரம் ஒரு தரம் ஊற்றினால் இளஞ்செடிக்கு அது தாராளம்.

கெடுவது எங்கே? கிளறாமல் ஒரு வாரம் விட்டால் காற்றில்லாமல் அழுகி, சாக்கடை நாற்றம் எடுத்து, புழு வைத்துவிடும். அந்தக் கரைசலில் அமிலமும் அம்மோனியாவும் ஏறியிருக்கும். தண்ணீர் குறைவாகக் கலந்து ஊற்றினால் வேர் நுனி கருகும். காய்ந்த பைக்கு ஊற்றாதீர்கள். முதலில் வெறும் தண்ணீர், பிறகு கரைசல். வடித்த சக்கையைப் பையின் மேல் கொட்டினால் எறும்பும் எலியும் வரும், மேலே வெள்ளைப் பூசணம் படரும். மக்குக் குழிக்குத்தான் அது போக வேண்டும்.

செக்குப் புண்ணாக்கில் எண்ணெய் அதிகம் தங்கியிருக்கும். அது மெதுவாக மக்கும், கரைசலின் மேல் ஏடு கட்டும், எறும்பையும் கூடுதலாக இழுக்கும். உரத்துக்கு எண்ணெய் முழுக்க எடுத்த ஆலைப் புண்ணாக்கே மேல். பூசணம் பிடித்த கடலைப் புண்ணாக்கு மலிவாகக் கிடைக்கும். அதில் அஃப்ளாடாக்ஸின் என்ற பூசண நஞ்சு இருக்கலாம். மாட்டுக்கு ஒருக்காலும் வைக்கக் கூடாது. செடிக்கு ஆகும், ஆனால் இடிக்கும்போது தூள் மூச்சில் ஏறாமல் வாய் மூக்கைக் கட்டிக்கொள்ளுங்கள்.

எள்ளுப் புண்ணாக்கும் இதே குணம்தான். மாடு வைத்திருப்பவர்கள் அதைச் செடிக்குக் கொடுக்க மனம் வராது, அது நியாயமும்கூட.

வேப்பம் புண்ணாக்கு: நிதானம்

அடியுரத்துக்கு நமது முதல் தேர்வு இது. இதன் கசப்பு, மண்ணில் அம்மோனியமானது நைட்ரேட்டாக மாறுவதை மெதுவாக்குகிறது. அதனால் தழைச்சத்து தண்ணீரோடு அடியில் ஒழுகிப் போவது குறையும். மாடிப் பையில் தினமும் தண்ணீர் விடுகிறோம், அடி ஓட்டை வழியாக வடிகிறது. அங்கே இந்த நிதானம் பெரிய லாபம். வேர்முடிச்சு நூற்புழுவுக்கும் இது தடை. ஒருமுறை தக்காளி போட்ட மண்ணையே மறுபடி பயன்படுத்துபவர்கள் வேப்பம் புண்ணாக்கைத் தவிர்க்கவே கூடாது.

ஆனால் அவசரத்துக்கு உதவாது. பூ வந்த பிறகு இலை வெளுத்தது என்று மேலே தூவினால், அது கரைந்து வருவதற்குள் பாதிப் பருவம் போய்விடும். வாங்கும்போது ஒரு பிடியைத் தம்ளர் தண்ணீரில் கலக்கி வையுங்கள். அடியில் மணல் தங்கினால் கலப்படம். மூக்கைத் துளைக்கும் வேப்பெண்ணெய் வாடையும் நாக்கில் ஒட்டும் கசப்பும் இல்லாவிட்டால் அதுவும் சந்தேகம்தான்.

கொட்டமுத்துப் புண்ணாக்கு: நாய், ஆடு, கோழி இருக்கும் வீட்டில் வேண்டாம்

சத்து மோசமில்லை, வேம்பைவிடச் சீக்கிரம் மக்கும், தோட்டக்காரர்கள் காலங்காலமாக வாழைக்கும் மஞ்சளுக்கும் போடுவதுதான். ஆனாலும் வீட்டு மாடிக்கு நாங்கள் சொல்வதில்லை. ஆமணக்கு விதையின் ரைசின் நஞ்சு எண்ணெயில் போகாமல் புண்ணாக்கிலேயே தங்கிவிடும். அதன் வாடைக்கு நாய் பையைத் தோண்டித் தின்னும். கொஞ்சம் தின்றாலே வாந்தி, ரத்தக் கழிச்சல், சாவு வரை போகும். ஆட்டுக்கும் கோழிக்கும் அதே ஆபத்து. தூளைக் குழந்தைகள் கையில் படவிடக் கூடாது. வயலில் உழுது மண்ணுக்குள் போவது வேறு, கைக்கெட்டும் பையில் மேலாகக் கிடப்பது வேறு. போட்டே ஆக வேண்டுமென்றால் கலவையின் அடிப்பாதியில் மட்டும் கலந்து, ஈரமாக வைத்துப் பதினைந்து நாள் கழித்து நடுங்கள். உடனே நட்டால் மக்கும் சூட்டிலும் அம்மோனியாவிலும் நாற்று துவண்டுவிடும்.

தேங்காய்ப் புண்ணாக்கு

அட்டவணையில் சமநிலை இதற்குத்தான் நன்றாக இருக்கிறது. ஆனால் ஒரு பைக்கு 300 கிராம் என்பது அதிகம். அவ்வளவையும் ஒரே தடவை கலந்தால் புளித்துச் சூடேறும், மேலே பூசணம் கட்டி தண்ணீர் இறங்காது. 75 கிராமாக நான்கு தடவை, மண்ணில் கிளறி மூட வேண்டும். தென்னந்தோப்பு வைத்து, வீட்டுக்குக் கொப்பரை ஆட்டுபவர்களிடம் சும்மா கிடைக்கிறதென்றால் பயன்படுத்தலாம். காசு கொடுத்து வாங்கத் தேவையில்லை.

விலையை ஒப்பிட எளிய வழி ஒன்று உண்டு. கிலோ விலையைத் தழைச்சத்து சதவீதத்தால் வகுங்கள். கடலையை 7.3 ஆல், தேங்காயை 3 ஆல் வகுத்துப் பார்த்தால், கிலோவுக்கு மலிவாகத் தெரிவது சத்துக்கு மலிவு இல்லை என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

சாம்பல்சத்து எங்கிருந்து?

முதலில் எது ஆகாது என்பதைப் பார்ப்போம். வாழைப்பழத் தோல் ஊறலை எல்லோரும் சொல்கிறார்கள். ஒரு பச்சைத் தோலில் இருக்கும் சாம்பல்சத்து சில நூறு மில்லிகிராம்தான், ஒரு ராத்திரி ஊறலில் அதுவும் முழுதாக இறங்காது. ஒரு செடியின் பற்றாக்குறையை ஈடுகட்ட இருபது தோலாவது வேண்டும். தோலைக் காயவைத்துத் தூளாக்கிச் சேர்த்து வைத்தால் பயனுண்டு, ஊறல் கண் துடைப்பு.

விறகுச் சாம்பலில் சாம்பல்சத்து உண்டு, வேகமாகவும் கிடைக்கும். ஆனால் கோவை, திருப்பூர், ஈரோடு போர்த் தண்ணீர் பெரும்பாலும் உப்பும் சுண்ணாம்பும் ஏறியது. மண்ணும் பல இடங்களில் சுண்ணாம்பு மண். அதன்மேல் சாம்பலும் சேர்ந்தால் காரத்தன்மை ஏறி இரும்புச்சத்து பூட்டிக்கொள்ளும். கொழுந்து இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் அதுதான். சிறுவாணித் தண்ணீர் வரும் வீடுகளில் பைக்கு ஒரு மேஜைக்கரண்டிச் சாம்பல் பாதகமில்லை. ஆனால் அந்த மென்மையான தண்ணீரில் சுண்ணாம்புச்சத்து குறைவு. அங்கே காயின் அடி கறுத்து அழுகுவதைத் தடுக்க, கலவையிலேயே 20 கிராம் ஜிப்சம் போட்டுவிடுங்கள்.

கடல்பாசிச் சாறு ஒரு துணை மட்டுமே. மண்டபம் பகுதியில் வளர்க்கும் கப்பாஃபைகஸ் பாசியின் சாற்றில் சாம்பல்சத்து இருந்தாலும், லிட்டருக்கு 3 மில்லி என்று தெளிப்பதில் செடிக்குச் சேர்வது மிகச் சொற்பம். பூக்கும் நேரத்தில் ஊக்கத்துக்குத் தெளிக்கலாம், உரமாக எண்ணக் கூடாது.

ஆகக்கூடியவை இரண்டு. ஒன்று, மக்கிய தென்னைநார்க் கழிவு. பச்சையாக இருக்கும்போது கரிமத்துக்கும் தழைச்சத்துக்கும் உள்ள விகிதம் 112:1. அதை அப்படியே போட்டால் மக்குவதற்குச் செடியின் தழைச்சத்தையே பிடுங்கிக்கொள்ளும். சிப்பிக்காளான் விட்டு மக்கச் செய்த பிறகு விகிதம் 24:1, சாம்பல்சத்து 1.2 சதவீதம். கடையில் செங்கல் வடிவில் வாங்கும் நார்த்தூள் கட்டி பெரும்பாலும் மக்காதது, கழுவியது. உப்போடு சாம்பல்சத்தும் கழுவிப் போயிருக்கும். இரண்டையும் ஒன்றாக நினைத்து வாங்குவதுதான் பலர் செய்வது. மக்கவைக்கும்போது யூரியா சேர்ப்பதும் வழக்கம், இயற்கை மட்டும் என்று இருப்பவர்கள் கேட்டு வாங்குங்கள்.

இரண்டாவது கிளைரிசிடியா தழை. பொள்ளாச்சி, ஆனைமலைத் தோப்புகளில் வேலியோரம் நிற்கிறதே, அதுதான். காய்ந்த எடையில் 2.76 சதவீதம் தழைச்சத்து, 4.6 சதவீதம் சாம்பல்சத்து. புங்கந்தழையில் சாம்பல்சத்து 2.39, வேப்பந்தழையில் 0.35 மட்டுமே. எல்லாத் தழையும் ஒன்று இல்லை என்பதற்கு இந்த மூன்றுமே போதும். 300 கிராம் பச்சைத் தழை காய்ந்தால் 70 கிராம். அதில் 3 கிராமுக்கு மேல் சாம்பல்சத்து, 2 கிராம் அளவில் தழைச்சத்து. சாம்பல்சத்து இலையின் கட்டுமானத்தில் பிணைந்திருப்பதில்லை, நனைந்தாலே இறங்கும். தழைச்சத்தோ மக்கினால்தான் வரும். காய் பிடிக்கும் செடிக்கு வேண்டியதும் இதே வரிசைதான்.

ஊறலாகவும் போடலாம்: ஒரு கிலோ நறுக்கிய தழை, ஐந்து லிட்டர் தண்ணீர், பத்து நாள், வடித்து இரண்டு மடங்கு தண்ணீர். அதைவிட, தழையை மண்ணின் மேல் பரப்பும் மூடாக்கே மேல். நாற்றமில்லை, ஈரமும் காக்கும். தண்டிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி, மெல்லியதாகப் பரப்புங்கள். கும்பலாகக் குவித்தால் சூடேறித் தண்டு வேகும். ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று இலையை வாரிக்கொண்டு போகும். மேலே ஒரு கை மக்கிய நார்த்தூளைப் போட்டு நனைத்துவிடுங்கள்.

சேர்த்துப் போடும் முறை

செம்மண், இலைமக்கு, மக்கிய தென்னைநார்க் கழிவு மூன்றும் சம அளவு. அதில் 75 கிராம் வேப்பம் புண்ணாக்கைக் கலந்து ஈரமாகப் பதினைந்து நாள் வைத்து, 25 நாள் நாற்றை நடுங்கள். நட்ட 15, 22, 29ஆம் நாள் கடலைப் புண்ணாக்குக் கரைசல் அரை லிட்டர். அதோடு அது நின்றுவிட வேண்டும். 20, 35, 50ஆம் நாள் ஒவ்வொரு தடவையும் 300 கிராம் பச்சைக் கிளைரிசிடியா மூடாக்கு. தழையிலிருந்தும் தழைச்சத்து வருவதால்தான் வேப்பம் புண்ணாக்கை 175இலிருந்து 75க்குக் குறைத்திருக்கிறோம். இரண்டையும் முழு அளவில் போடாதீர்கள்.

அடி இலையின் ஓரம் கருகி, பழத்தின் தோள் (காம்பைச் சுற்றிய பகுதி) மஞ்சளாகவே நின்றால் சாம்பல்சத்துக் குறைவு, மூடாக்கைக் கூட்டுங்கள். கொழுந்து கரும்பச்சையாகிச் சுருண்டால் கரைசலை உடனே நிறுத்தி, இரண்டு நாள் வெறும் தண்ணீரை அடியில் வடியும்வரை விடுங்கள். பங்குனி சித்திரையில் பகல் வெயில் 35 டிகிரியைத் தாண்டி ராத்திரியும் புழுங்கும்போது பூ உதிர்ந்தால் உரத்தைக் குறை சொல்லாதீர்கள், அது சூட்டினால் வருவது. அந்தப் பருவத்தில் நிழல்வலை கட்டுங்கள், அல்லது நாற்று விடுவதையே கார்த்திகைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.