பம்ப் ரூம் சாவி என் கைக்கு வந்து ஆறு வருடம்

நகராட்சிக்குச் சொந்தமான நிலத்தில் இருக்கும் நீச்சல் குளம் ஒன்றை, அக்கம்பக்கத்து ஆட்களே சங்கம் வைத்து நடத்துகிறோம். முதல் இரண்டு வருடம் நான் சந்தா கட்டி நீந்திவிட்டுப் போகிற ஆள். அதற்கப்புறம் ஆறு வருடமாகத் தண்ணீர் பார்க்கிற தன்னார்வலர். "எங்க பக்கத்துக் குளத்தை மூடப் போறாங்களாம், நாமே எடுத்து நடத்தலாமா?" என்று அடிக்கடி யாராவது கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நீந்த வருபவராக மட்டும் கேட்டால் தாராளமாகச் சேருங்கள் என்பேன். காலை ஆறு மணிக்குத் திறப்போம் என்றால் ஆறு மணிக்குத் திறந்திருக்கும். கதவைத் திறக்கிறவருக்கும் நீந்த வேண்டுமே! ஏணிப்படி ஆடுகிறது என்று சொன்னால் புகார் எண் தரமாட்டார்கள். கேட்டவரே மறுநாள் ஸ்பேனரோடு வந்து நிற்பார். குறை என்றால் கழிப்பறைதான். அதைக் கழுவும் முறைப்பட்டியலில் பெயர் கொடுக்க இந்த எட்டு வருடத்தில் யாரும் முந்தியடித்து வந்ததில்லை.

தண்ணீர் பார்க்கும் வேலை பழக ஒரு வருடம் பிடிக்கும். எங்களுடையது 25 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம், சராசரி ஆழம் 1.4 மீட்டர். அதாவது மூன்றரை லட்சம் லிட்டர். பம்ப் அத்தனையையும் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை ஃபில்டர் வழியாகச் சுற்றிவிடும். கட்டற்ற குளோரின், அதாவது கிருமியைக் கொல்ல மிச்சமிருக்கும் குளோரின், 1 முதல் 3 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு). அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் 7.2 முதல் 7.8. இந்த இரண்டையும் பிடித்து வைத்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. புதிதாக வருபவர்கள் ஆர்வக் கோளாறில் தினமும் ஃபில்டரை பேக்வாஷ் செய்வார்கள், அதாவது தண்ணீரை எதிர்த்திசையில் விட்டு அதைக் கழுவுவார்கள். நானும் செய்தேன். ஃபில்டருக்குள் இருப்பது மணல். சற்று அழுக்குப் பிடித்த மணல்தான் நன்றாக வடிகட்டும். சுத்தமாக இருந்தபோது காட்டிய அழுத்தத்தைவிட எட்டு பத்து பிஎஸ்ஐ (அழுத்தமானியில் காட்டும் அலகு) ஏறினால்தான் பேக்வாஷ். அதற்கு முன்னால் செய்வது தண்ணீரைச் சாக்கடைக்கு வார்ப்பதுதான்.

ஒரு விடுமுறை நாள். குளம் முழுக்கக் குழந்தைகள். மதியச் சோதனைக்குச் சின்னக் கண்ணாடிக் குழாயில் குளத்துத் தண்ணீர் எடுத்துச் சோதனை மாத்திரை போட்டேன். குளோரின் இருந்தால் ரோஜா நிறம் வர வேண்டும். வரவில்லை. பூஜ்யம். பதறிப்போய்க் குளோரின் கொட்டினேன். அரை மணி கழித்துப் பார்த்தால் மறுபடி பூஜ்யம். இன்னும் கொட்டினேன். மூன்றாவது தடவை எங்கள் சங்கத்து அம்மா ஒருவர் பக்கத்தில் வந்து நின்றார். ஆய்வகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். "மாத்திரை விழுந்த அந்த நொடியைப் பாத்தீங்களா தம்பி? இன்னொரு தடவை போடுங்க, கண்ணை எடுக்காம பாருங்க" என்றார். போட்டேன். மாத்திரையைச் சுற்றி ரோஜா நிறம் ஒரு மின்னல் மின்னி, அப்படியே வெளுத்துப் போயிற்று. குளோரின் இல்லாமல் இல்லை, மிதமிஞ்சி இருந்திருக்கிறது! அளவு மிஞ்சினால் சோதனைச் சாயத்தையே அது வெளுத்துவிடும். ஒரு பங்கு குளத்துத் தண்ணீரோடு நான்கு பங்கு காய்ச்சி வடித்த நீர் கலந்து சோதித்து, வந்ததை ஐந்தால் பெருக்கினோம். பதினைந்து. எல்லோரையும் கரையேற்றிக் குளத்தை மூடினோம். அடுத்த நாள் சாயங்காலம்தான் திறக்க முடிந்தது. அன்றிலிருந்து எங்கள் பதிவேட்டில் 'மின்னியதா?' என்று ஒரு தனிக் கட்டம் உண்டு.

கண் எரிகிறது, குளோரின் நாற்றம் தாங்கவில்லை என்று சண்டைக்கு வருபவர்களுக்கும் ஒரு வார்த்தை. அந்த நாற்றம் குளோரினுடையது அல்ல. வியர்வையும் சிறுநீரும் குளோரினோடு சேர்ந்து உண்டாகும் குளோரமைன். அது வந்தால் பெரும்பாலும் குளோரின் போதவில்லை என்று பொருள். இறங்குவதற்கு முன் ஒரு நிமிடம் ஷவரில் நின்றாலே நன்றாகக் குறையும். சொல்லிச் சொல்லி எனக்கு வாய்தான் வலிக்கிறது. பிஎச் குறைக்கப் போடும் ஆசிட்டையும் குளோரினையும் ஒரே அறையில் வைக்காதீர்கள், ஒரே குவளையால் அள்ளாதீர்கள். இரண்டும் கலந்தால் விஷவாயு. எங்களுக்கு ஒருமுறை நூலிழையில் தப்பியது, அவ்வளவுதான் சொல்வேன்.

உயிர்காக்கும் வேலையை மட்டும் தன்னார்வலர் தலையில் கட்டாதீர்கள். இதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. மூழ்குகிறவர் பெரும்பாலும் கத்துவதில்லை, கை வீசுவதில்லை. சத்தமில்லாமல் போய்விடுவார். பத்து நொடிக்குள் கண்டுபிடிக்க வேண்டும், அடுத்த இருபது நொடிக்குள் போய்ச் சேர வேண்டும் என்பது அந்தத் தொழிலில் சொல்லும் கணக்கு. எங்கள் குளத்தில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். சிக்கலே அதுதான். கரையில் நிற்பவரிடம் யாராவது மகள் கல்யாணத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்கள். முதல் வருடமே சம்பளத்துக்குப் பயிற்சி பெற்ற ஆட்களை வைத்துவிட்டோம். சந்தா ஏறியது, சிலர் முகத்தைத் தூக்கிக்கொண்டார்கள். பரவாயில்லை.

இதெல்லாம் பழகிவிடும். பழகாதது நகராட்சியோடு போட்ட குத்தகை ஒப்பந்தம்.

நான் பொறுப்பேற்ற மூன்றாவது வருடம், குளோரின் அளவு சரியாகவே காட்டியும் சுவரெல்லாம் பாசி. நாங்கள் குளத்தில் போட்டுவந்த குளோரின் மாத்திரைகளில் சயனூரிக் அமிலம் உண்டு. வெயிலில் குளோரின் சிதைந்துபோகாமல் அது காப்பாற்றும். ஆனால் அது தானாகப் போகாது, வருடக் கணக்கில் சேர்ந்துகொண்டே வந்து கடைசியில் குளோரினையே வேலை செய்யவிடாது. தண்ணீரை மாற்றுவதுதான் வழி. "மொத்தமா இறைச்சுட்டுத் தேச்சுக் கழுவிடலாமே" என்றார்கள் செயற்குழுவில். நிலத்தடி நீர் மேலே இருக்கும் இடத்தில் குளத்தைக் காலி செய்தால், அடியிலிருந்து வரும் அழுத்தம் காங்கிரீட் தொட்டியையே படகு மாதிரி மேலே தூக்கிவிடும். எங்கள் தொட்டிக்கு அடியில் அழுத்தம் விடும் வால்வு இருக்கிறதா? வரைபடத்தைப் பார்த்தால்தான் தெரியும். வரைபடம் நிலத்துக்குச் சொந்தக்காரரான நகராட்சியிடம். கேட்டு எழுதினோம், நேரில் போனோம், கிடைக்கவில்லை. மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மட்டும் மாற்றிச் சமாளித்தோம்.

அடுத்து கசிவு. ஒரு வாளியில் குளத்துத் தண்ணீரை நிரப்பி, உள்ளும் புறமும் ஒரே மட்டமாக இருக்கும்படி படிக்கட்டில் வைத்து இரண்டிலும் கோடு போட்டோம். வெயிலில் ஆவியானது மட்டும் என்றால் இரண்டும் ஒரே அளவு இறங்கும். ஒரு நாள் கழித்து வாளியில் 6 மில்லிமீட்டர், குளத்தில் 19. வித்தியாசம் 13 மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். 250 சதுர மீட்டருக்குக் கணக்குப் போட்டால் தினமும் 3,250 லிட்டர் மண்ணுக்குள் போகிறது. தளத்துக்கு அடியில் போகும் குழாயில் உடைப்பு. குழாய் 'உபகரணம்', ஆகவே உங்கள் செலவு என்றார்கள் நகராட்சிக்காரர்கள். புதைந்து கிடப்பது 'கட்டுமானம்', ஆகவே உங்கள் செலவு என்றோம் நாங்கள். ஒப்பந்தத்தில் இருந்ததோ 'பராமரிப்பு' என்ற ஒரே சொல். ஏழு மாதம் இழுத்தது. அதுவரை தண்ணீர்க் கட்டணம் எங்கள் தலையில்தான்.

ஒப்பந்தம் வருடா வருடம் புதுப்பிக்கிற வகையாக இருந்தால் இன்னொரு வினையும் உண்டு. அடுத்த வருடம் இருப்போமா என்றே தெரியாத சங்கத்துக்கு யார் கடன் தருவார்கள், யார் பெரிய நன்கொடை எழுதுவார்கள்? அதனால் பெயின்ட் அடிப்போம், ஓடு மாற்றுவோம். பம்பும் குழாயும் கிழடாகிக்கொண்டே இருக்கும்.

முடியாத காரியமும் இல்லை. இங்கிலாந்தின் நியூகாசிலில் ஜெஸ்மண்ட் குளத்தை 1991இல் நகரசபை மூடியது. ஊர்க்காரர்கள் அறக்கட்டளையாகச் சேர்ந்து 1992இல் திறந்து முழுப் பொறுப்பையும் எடுத்துக்கொண்டார்கள். ஸ்காட்லாந்தின் ஸ்டோன்ஹேவனில் 1934இல் திறந்த 50 மீட்டர் கடல்நீர்க் குளத்தில் கதை வேறு. அங்கே உள்ளாட்சியும் 'நண்பர்கள்' குழுவும் சேர்ந்து சுமக்கிறார்கள். என்னைக் கேட்டால் இரண்டாவதுதான் மூச்சு முட்டாத வழி. எது யார் வேலை என்று பம்ப், குழாய், தொட்டி, மின்சாரம், காப்பீடு என வரிவரியாக எழுதி வாங்குங்கள். அது கைக்கு வருமுன் சாவியை வாங்காதீர்கள். நாங்கள் சாவியை முதலில் வாங்கினோம்.

எங்கள் புது ஒப்பந்தம் பத்து வருடத்துக்கு என்று பேச்சு நடக்கிறது. இன்னும் கையெழுத்தாகவில்லை. இதற்கிடையில் புதிதாக ஒரு பையன் தண்ணீர் பார்க்கப் பழகுகிறான். நேற்று மாத்திரையைப் போட்டுவிட்டு அலைபேசியை எடுத்தான். வாங்கி என் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.